அன்றைக்கு சி ஷிப்ட் யார்

எங்கள் இறால் கம்பெனி வேனில் பன்னிரண்டு பெண்கள். காலை ஏழு மணிக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஏறினால் கம்பெனி போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்பது பூங்காவனம் கொலையில்தான். 2004 நவம்பரில், எங்கள் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி, பூங்காவனத்தையும் அவள் மாமனாரையும் யாரோ வெட்டிப் போட்டார்கள். மூன்று வருஷமாகியும் யார் என்று தெரியவில்லை. போலீஸுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் வேனில் எல்லோருக்கும் தெரியும்.

மெஹர்னிசா அக்காவுக்கு அது ஆந்திரா கும்பல். பழவேற்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். எல்லை தாண்டி வருகிறவன் யாராயிருந்தாலும் அவளுக்குச் சந்தேகம்தான். எங்கள் தெருமுனையில் இருக்கும் ஞானம்மா, பூங்காவனத்தின் மாமனார் பேரில் இருந்த அரை ஏக்கர் நிலம்தான் காரணம் என்பாள். கம்பெனிக்காரன் கேட்டும் அவர் கொடுக்கவில்லை, அதனால் ஆள் வைத்துவிட்டார்கள் என்று. டிரைவர் கலியன் ஒரு நாள் மீசையைத் தடவிக்கொண்டே, "அந்தம்மாவுக்கு வேற ஆளு யாராச்சும்" என்று ஆரம்பித்தான். பன்னிரண்டு பேரும் சேர்ந்து போட்ட போட்டில் அதற்குப் பிறகு ரோட்டை மட்டும்தான் பார்த்து ஓட்டுகிறான்.

என் கணக்கு வேறு. செய்தது புருஷன் சுப்பராயன்தான் என்பது என் முடிவு. நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை. பிளஸ் டூ வரைக்கும் படித்தவள், பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருந்தவள். கதவு உடையவில்லை. பூங்காவனம் ராத்திரியில் யாருக்கும் கதவு திறக்க மாட்டாள். புருஷன் வந்தால் திறப்பாள். சுப்பராயன் வேலை பார்த்த கம்பிக் கம்பெனியில் அவருடைய கார்டு ராத்திரி பத்து மணிக்கு வெளியே போனதாக அடித்திருக்கிறது. வீடு சைக்கிளில் கால் மணி நேரம். கொலை நடந்தது பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள். இவரோ காலை ஆறரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன் என்கிறார். நடுவில் எங்கே இருந்தீர் என்றால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தூங்கினேனாம். பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

போலீஸும் அவரைத்தான் முதலில் பிடித்தார்கள். வைத்து அடித்தார்கள், சாட்சி இல்லை என்று விட்டார்கள். கம்பெனியில் வேலை போயிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு எளாவூர்ப் பக்கம் போய்விட்டார். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் லாரி நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன் வேலை என்று கேள்வி.

எனக்கு இதில் என்ன அவ்வளவு அக்கறை என்றால், எனக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டவள் பூங்காவனம். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு மசக்கை வந்தபோது அவள்தான் தினம் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிடும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். என் மகள் ரூத் பிறந்த அதே ராத்திரிதான் அவள் செத்தாள். பத்து நாள் முந்திக்கொண்டு வலி வந்து, இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். விஷயத்தை என்னிடம் ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அங்கிருந்தே என்னைத் திருவாலங்காட்டுக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் யார் மேலாவது போய் விழ வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் லோகு இதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவரும் சுப்பராயனும் கம்பிக் கம்பெனியில், உலைக்குத் தண்ணீர் அனுப்பும் ஒரே பம்ப் ஹவுஸில் மாற்றி மாற்றி வேலை பார்த்தவர்கள். நான் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார். கூட வேலை பார்த்த ஆள், மனசு கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இளகின மனுஷன், என்னைப் போல மூளையால் யோசிக்கத் தெரியாது என்றும் நினைத்துக்கொள்வேன்.

2007 ஆகஸ்டில் புதுசாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், பழைய கேஸையெல்லாம் தூசி தட்டுகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. இன்லேண்ட் லெட்டர் வாங்கி, கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு ஒன்பது பாயிண்ட் எழுதினேன். அடியில் 'ஒரு பொதுநலன் விரும்பி' என்று போட்டேன். பொன்னேரி போயிருந்தபோது அங்கே தபால் பெட்டியில் போட்டேன். வெற்றி கண்ட மாதிரி இருந்தது. அன்றைக்குப் பூங்காவனத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயந்திரம், வேனில் திரும்பும்போது கலியன் சொன்னான்: "எளாவூர்ல கேட்டேன். சுப்பராயன மறுபடி இஸ்துக்கினாங்க. நேத்து கூப்ட்டு விசாரிச்சி, திங்கக்கெழம காலைல வான்னு சொல்லி அனுப்பிக்கிறாங்க. இந்த வாட்டி வெளிய வரமாட்டான்னு பேசிக்கிறாங்க. யாரோ மொட்டக் கடுதாசி போட்டுக்கிறாங்களாம்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான்தான் அப்பத்துலேருந்து சொல்லிக்கினு இருக்கேனே" என்றேன். எல்லோரும் ஆமாம் கிறிஸ்டினா, நீ சொன்னது சரிதான் என்றார்கள். ஞானம்மா மட்டும் அரை ஏக்கரை விடவில்லை.

மெஹர்னிசா அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி ரிஜ்வானும் ஒரு கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர்தான். "ஏம்மா கிறிஸ்டினா, எனக்கு ஒண்ணு புரியல" என்றாள். "பம்ப் ஹவுஸ்ல ரிலீவர் வராம ஆளு நகரக்கூடாதே. தண்ணி நின்னா உலையே பூடும்னு ரிஜ்வான் சொல்வான். அப்ப பத்து மணிக்கு சுப்பராயன் போச்சுன்னா, அந்த எடத்துக்கு யாரோ வந்திருக்கணும். அந்த ஆளுதானே கடைசியா பாத்துது. அவன போலீஸு கேக்கலியா?"

"கேட்டிருப்பாங்கக்கா" என்றேன்.

"யாரு அது? உன் ஊட்டுக்காரருக்குத் தெரியுமே."

தெரியும்தான். பம்ப் ஹவுஸில் அப்போது மூன்றே பேர். ஏ ஷிப்ட் காலையில், பி ஷிப்ட் மத்தியானம், சி ஷிப்ட் ராத்திரி. சுப்பராயன் பி ஷிப்ட். ஏ ஷிப்ட்டில் இருந்த தேசப்பன் அந்த வாரம் முழுக்க லீவில் இருந்ததால் வெளி ஆள் ஒருத்தரைப் போட்டிருந்தார்கள், அது எனக்கு நினைவிருந்தது. சி ஷிப்ட் என் புருஷன். என் புருஷன் அன்றைக்கு ராத்திரி பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேனில் இருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

லோகு வாசலில் உட்கார்ந்து ரூத்துக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு நேராக வகிடு எடுக்க வராது. ஆனாலும் தினம் அவர்தான் சீவுவார்.

"இன்னாங்க, ரூத் பொறந்த அன்னைக்கு உனுக்கு பதிலா சி ஷிப்ட் யாரு வந்தது?" என்று கேட்டேன்.

சீப்பு நின்றது. ரூத், "அப்பா, இன்னொரு ஜட" என்றாள். அவர் அந்த இன்னொரு ஜடையையும் பின்னி, ரிப்பன் கட்டி, குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"யாரும் வரல" என்றார். "சுப்பராயண்ணாதான் நின்னுச்சி."

ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு இவர் கம்பெனி கேட்டுக்கு ஓடியிருக்கிறார். கான்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனென்ட் ஆக்க லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்த மாசம். ஆளில்லாமல் ஷிப்டை விட்டால் பேரை அடித்துவிடுவார்கள். சுப்பராயன் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "நீ போ லோகு, கார்ட நான் அடிச்சிடறேன்." ஒருத்தர் கார்டை ஒருத்தர் அடிப்பது அந்தக் கம்பெனியில் எல்லோரும் செய்வதுதான், பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. பத்து மணிக் கூட்டத்தில் தன் கார்டை வெளியே அடித்து, லோகுவின் கார்டை உள்ளே அடித்துவிட்டு, சுப்பராயன் திரும்பப் போய்ப் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்துவிட்டார். விடியும் வரைக்கும் தனி ஆள். வேறு யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஆறு மணிக்கு லோகுவின் கார்டை வெளியே அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவரை மாற்ற வந்த வெளி ஆளைப் போலீஸ் கேட்கவே இல்லை.

"போலீஸு கேட்டப்போ?"

"பத்து மணிக்கு நான் வந்தேன், அது பூட்ச்சின்னு சொன்னேன். கார்டுல அப்டித்தானே இருந்துது. அண்ணா சொல்லும், சொன்னா ஒத்துக்கலாம்னு இருந்தேன். அது சொல்லவே இல்ல கிறிஸ்டி. அடி வாங்கியும் சொல்லல. ஒரு நாள் ஆச்சி, ரெண்டு நாள் ஆச்சி, அப்பால எனக்கு வாயே வரல."

அவர் எழுந்து போய்த் தகரப் பெட்டியின் அடியிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து வந்தார். பம்ப் ஹவுஸ் லாக் புக். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் அழுத்தம் எவ்வளவு என்று எழுத வேண்டும். நோட்டு முடிந்து குப்பைக்குப் போட்டபோது இவர் எடுத்து வந்து ஒளித்து வைத்திருக்கிறார். அந்தத் தேதியில் சி ஷிப்ட் என்ற இடத்தில் லோகநாதன் என்று பேர். கீழே பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று ஆறு மணி வரைக்கும் எட்டு வரி. எழுத்து லோகுவுடையது இல்லை. முந்தின பி ஷிப்ட்டில் இருக்கும் அதே குண்டு குண்டான எழுத்து. வீட்டில் அவர் மனைவியை யாரோ வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனுஷன் அழுத்தம் நான்கு புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லோகுவை என்னென்னவோ சொன்னேன். மூன்று வருஷமாக எல்லோரும் சுப்பராயனையே துரத்திக்கொண்டிருந்ததில் உண்மையாகச் செய்தவன் எங்கேயோ போய்விட்டான், உன் வாய்தான் அவனைத் தப்பிக்க விட்டது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "திங்கக்கெழம நான் போயி சொல்லிடறேன். வேல போனா போவுது" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "அந்த மொட்டக் கடுதாசி எழுதினது நான்தாங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் மூன்று பேரும் எளாவூர் பஸ் ஏறினோம். செக்போஸ்ட்டில் லாரிகள் ஒரு மைல் நீளத்துக்கு நின்றுகொண்டிருந்தன. சுப்பராயன் ஒரு வேப்ப மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைத் தாண்டி, லோகுவைத் தாண்டி, அவர் கண் ரூத் மேல் போய் நின்றது.

"இதுதானா அது?" என்றார். "பேரு இன்னா வெச்சிக்கிறீங்க?"

ரூத் தன் பேரைத் தானே சொன்னாள். அவர் லாரி டிரைவர்களுக்காக வைத்திருந்த பன் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். லோகு காலில் விழப் போனதை அவர் விடவில்லை. "இன்னா இது, நாலு பேரு பாக்கறாங்க" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார்.

நாளைக்கு வந்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று லோகு சொன்னபோது அவர் பதறிவிட்டார். "வேணாம் லோகு. இத்தினி நாளு போச்சி, இனிமே எதுக்கு?"

"ஏண்ணா சொல்லல? வேலைக்காவா?" என்று நான் கேட்டேன்.

அவர் ரூத் பன் தின்பதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வேல கெடக்குதும்மா. அன்னைக்கு ஊட்டுக்குள்ள பாத்துட்டு வெளிய வந்து கீழ உக்காந்துக்கினு இருக்கேன். கூட்டத்துல ஒரு பொம்பள சொல்லுது, லோகுக்குப் பொண்ணு பொறந்துக்குதாம் அதே நேரத்துல, இன்னா நேரத்துல பொறந்துச்சோன்னு. நான் லோகுக்காவத்தான் அங்க நின்னேன், இல்லாங்காட்டி ஊட்டுல இருந்திருப்பேன்னு சொல்லிட்டேன்னு வையி. அப்பால அந்தப் பாப்பாவ விடுவாங்களா? ரெண்டு உசுர முழுங்கிட்டுப் பொறந்துதுன்னுதான் சாகற வரிக்கும் சொல்வாங்க. கல்யாணத்துக்குப் பாக்கறப்பகூட சொல்வாங்க. என்னை கொலகாரன்னா சொல்லிட்டுப் போறாங்க, நான் பெரியவன். பூங்காவனம் உன் வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்துது. நான் அப்டி சொல்லியிருந்தா அதுவே என்னை மன்னிச்சிருக்காது."

எங்கள் வேனை எனக்குத் தெரியும். அன்றைக்கு இது வெளியே வந்திருந்தால் ஆந்திரா கும்பல், அரை ஏக்கர் இரண்டோடும் சேர்த்து ராசி கெட்ட குழந்தை என்று மூன்றாவதாக ஒன்று கிளம்பியிருக்கும். அது வேறு யார் குழந்தையாகவோ இருந்திருந்தால் அதை முதலில் சொல்லியிருக்கக்கூடியவள் நானாகத்தான் இருப்பேன்.

"ண்ணா, அந்தக் கடுதாசி நான் எழுதினது" என்றேன்.

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "பாயிண்ட் பாயிண்டா எழுதிக்கிறான், படிச்ச ஆளுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு" என்றார். பிறகு, "எனக்கு அது மேல கோவமே வரலம்மா. பூங்காவனம் மேல யாருக்கோ இன்னும் பாசம் இருக்குதுன்னு நெனச்சிக்கினேன்" என்றார். நான் அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ரூத் மீதி பன்னை என் வாயில் ஊட்டப் பார்த்தாள்.

அவர் எவ்வளவு சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை அவருக்கு முன்னால் நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தோம். லோகு சொன்னார், லாக் புக்கைக் கொடுத்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ராத்திரி பதினொன்று பத்துக்கு அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்து நான் எடுத்து வைத்திருந்தேன், அதையும் கொடுத்தோம். சுப்பராயனை ஒரு தாளில் நம்பர் எழுதச் சொல்லி, இன்ஸ்பெக்டர் லாக் புக் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கடிதத்தைப் பற்றியும் நானே சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையை மறக்க முடியாது. லோகுவிடம், பொய் சாட்சி சொன்னதற்கு உன் மேல் வழக்கு வரும் என்றார். சரிங்க சார் என்றார் லோகு. அந்த வாரமே கம்பெனியில் சஸ்பெண்ட் செய்தார்கள், பிறகு வேலையும் போயிற்று. செய்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

சாயந்திரம் நான்கு மணிக்கு எங்களை விட்டார்கள். வெளியே வந்ததும் சுப்பராயன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். எளாவூர் பஸ் வந்தது, ஏறவில்லை. வேட்டியைச் சரி செய்துகொண்டு, கேட்கக் கூச்சப்பட்டவர் போல என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நான் இப்ப நம்ம தெரு வழியா போலாமா?"

நான் ரூத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தேன்.

தெருக்குழாயில் கூட்டம். பேச்சு அப்படியே நின்றது. இத்தனை வருஷம் ஒவ்வொரு வாசலிலும் நின்று என் கண்டுபிடிப்பை நான் சொன்ன தெரு அது. அதே வாசல்களில் நின்று, அதே குரலில் சொன்னேன்: இவர் அன்றைக்குக் கம்பெனியில்தான் இருந்தார், விடிய விடிய பம்ப் ஹவுஸில் இருந்தார், என் புருஷனுக்குப் பதிலாக நின்றார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் உள்ளே போய்விட்டார்கள். தெருமுனையில் ஞானம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் ஊட்டுக்காரரு ஏன் அன்னைக்கு வேலைக்கிப் போவல?" என்றாள்.

சுப்பராயன் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சொல்லாதே என்பது போல. ரூத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குத்தான் எம்பொண்ணு பொறந்தா" என்றேன். "அவளுக்காவத்தான் அண்ணா அங்க நின்னுது."

ஞானம்மா குழந்தையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்தாள்.

"கொயந்தைய வெச்சிக்கினு வெயில்ல எம்மா நேரம் நிப்ப அண்ணா" என்றாள். "உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."